குவாஜூலு-நேட்டால் கடற்கரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் என்றொரு ஊர் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். காந்தி அங்கே வக்கீலாக இருந்தார், நம் ஊர்க்காரர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள், இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள் என்பதோடு பெரும்பாலும் பேச்சு நின்றுவிடுகிறது. அந்த மண்ணையும் கடலையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கடலில் ஓடும் ஒரு வெப்ப நீரோட்டத்தில் தொடங்கினால் மழை, கரும்பு, கப்பல், கோயில், வெள்ளம் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பது தெரியும். அந்த வரிசையிலேயே போகிறேன்.

இந்தப் பகுதி சரியாக எங்கே இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில். வடக்கே மொசாம்பிக் எல்லையை ஒட்டிய கோசி வளைகுடா, தெற்கே போர்ட் எட்வர்டு, இடையில் 500 கி.மீ.க்கு மேல் இந்தியப் பெருங்கடல். குவாஜூலு-நேட்டால் மாகாணத்தின் மொத்தப் பரப்பு 94,361 சதுர கி.மீ.; 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1.24 கோடி. தலைநகரம் உள்ளே தள்ளியிருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க். பெரிய நகரமும் துறைமுகமும் டர்பன். டர்பனும் சுற்றுப்புறமும் சேர்ந்த மாநகராட்சிக்கு ஈதெக்வினி என்று பெயர்.

மேற்கே டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் 3,000 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. அந்த உயரத்துக்கும் கடலுக்கும் நடுவில் 200 கி.மீ. கூட இல்லை. அதனால் இங்குள்ள ஆறுகளுக்கு நிதானமாகப் பாய இடமே கிடையாது. துகேலா ஆறு மலையுச்சியிலிருந்து 900 மீட்டருக்கு மேல் அருவியாக விழுந்து, டர்பனுக்கு வடக்கே கடலில் சேர்கிறது. நிலத்தின் செங்குத்தான இந்தச் சரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

துணை வெப்பமண்டலம் என்கிறார்கள். வானிலை எப்படி இருக்கும்?

நமக்குப் பொங்கல் வரும்போது அங்கே நடுக்கோடை. ஜனவரியில் டர்பனில் பகல் வெப்பம் 28 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். எண்ணைப் பார்த்தால் குறைவாகத் தெரியும், ஆனால் காற்றில் அவ்வளவு ஈரம் இருப்பதால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஜூலையில் பகலில் 23 டிகிரி, விடியற்காலையில் 11, 12 வரை இறங்கும். கரையோரத்தில் உறைபனி விழுவது கிடையாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மி.மீ. மழை, பெரும்பகுதி கோடையிலேயே பெய்துவிடும். குளிர்காலத்தில் சில நாட்கள் உள்நாட்டு மேட்டிலிருந்து இறங்கும் சூடான வறண்ட காற்று ஒன்று உண்டு. அதைப் பெர்க் காற்று என்பார்கள். அது வீசும் நாளில் குளிர்காலம் என்பதே மறந்துபோகும்.

இவ்வளவு ஈரம் எங்கிருந்து வருகிறது?

அகுல்காஸ் நீரோட்டத்திலிருந்து. நிலநடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான நீரை அள்ளிக்கொண்டு, கரையை ஒட்டித் தென்மேற்கே ஓடுகிறது இந்த நீரோட்டம். உலகின் வலுவான கடல் நீரோட்டங்களில் ஒன்று. சில இடங்களில் வேகம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். அது ஏற்றிவிடும் ஈரக்காற்றுதான் மலையில் மோதி மழையாகிறது.

அதன் பலன் எவ்வளவு என்று பார்க்க, அதே நாட்டின் மேற்குக் கரைக்குப் போனால் போதும். டர்பன் இருக்கும் அட்சரேகைக்கு மிக அருகில்தான் போர்ட் நொல்லத் என்ற ஊரும் இருக்கிறது. ஆனால் அங்கே ஓடுவது பென்குவேலா என்ற குளிர் நீரோட்டம். ஆண்டு மழை 100 மி.மீ.கூட இல்லை, சுற்றிலும் பாலை. வெயில் ஒன்று, நாடு ஒன்று, கடல் நீரின் சூடு மட்டும் வேறு. கிழக்கே கரும்பும் வாழையும், மேற்கே மணலும் முட்செடியும்.

இதே நீரோட்டம் கப்பல்காரர்களுக்கு எமனாகவும் இருந்திருக்கிறது. தென்மேற்கிலிருந்து புயற்காற்று எதிர்த்து வீசும்போது அலைகள் திடீரென்று பூதாகாரமாக எழும். 1909 ஜூலையில் வராட்டா என்ற பயணிகள் கப்பல் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் புறப்பட்டது. அதில் இருந்த 211 பேருக்கும் கப்பலுக்கும் என்ன ஆயிற்று என்பது இன்றுவரை துலங்கவில்லை.

சாளை மீன் ஓட்டம் என்பது என்ன?

மே முதல் ஜூலை வரை, கேப் பக்கத்துக் குளிர்ந்த நீரிலிருந்து கோடிக்கணக்கான சாளை மீன்கள் (மத்தி என்றும் சொல்வோமே, அதன் உறவு) வடக்கு நோக்கிக் கிளம்பும். அகுல்காஸ் நீரோட்டத்துக்கும் கரைக்கும் நடுவே குளிர்காலத்தில் உண்டாகும் ஒடுங்கிய குளிர்நீர்ப் பட்டைதான் அவற்றின் பாதை. பின்னாலேயே டால்பின்கள், சுறாக்கள், பிரைட் திமிங்கிலங்கள். மேலிருந்து கேனட் பறவைகள் இறக்கையை மடக்கிக்கொண்டு ஈட்டிபோல நீருக்குள் பாயும்.

கரையில் நடப்பதும் பார்க்கவேண்டிய ஒன்று. தெற்குக் கரையோர ஊர்களில் கறுத்த நிழல் ஒன்று அலைக்குப் பின்னால் நகர்வது தெரிந்ததும் செய்தி பறக்கும். கரைவலைக்காரர்கள் படகில் வலையைச் சுற்றிப் போட்டுக் கரையிலிருந்து இழுப்பார்கள். வலை கரையைத் தொடுவதற்குள் இடுப்பளவு தண்ணீரில் கூட்டம் கூடிவிடும். பாவாடையை ஏந்திப் பிடித்து அள்ளுகிறவர்கள், சட்டையைக் கழற்றி மூட்டை கட்டுகிறவர்கள், பிளாஸ்டிக் வாளியோடு பிள்ளைகள். மிச்சம் பெட்டி பெட்டியாக அங்கேயே விலை போகும். முதல் நாள் விலை ஏறிக் கிடக்கும், வரத்து கூடக் கூட இறங்கும்.

இவ்வளவு பாடுபட்டு வரும் மீனுக்கு என்ன லாபம்? 2021-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று வருத்தமான விடையைத் தந்தது. ஓடி வருபவை பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கத்துக் குளிர்நீருக்குப் பழகிய மீன்கள். குளிர்ந்த நீரை நம்பி வந்து, கடைசியில் தங்களுக்கு ஒத்துவராத வெப்ப நீரில் மாட்டிக்கொள்கின்றன. சில ஆண்டுகளில் ஓட்டம் மெலிந்தோ தாமதித்தோ போவதும் உண்டு. கடல் சூடேறச் சூடேற அந்தக் குளிர்ப் பட்டை என்னவாகும் என்ற கவலை கரைவலைக்காரர்களுக்கும் இருக்கிறது, ஆய்வாளர்களுக்கும் இருக்கிறது.

கடலில் குளிக்கலாமா? சுறா பயம் இல்லையா?

வலை போட்ட, உயிர்காப்பாளர் நிற்கும் கடற்கரைகளில், கொடிகளுக்கு நடுவில் குளிக்கலாம். டர்பனில் 1952-லேயே சுறா வலைகள் போட்டார்கள். 1957 டிசம்பரில் தொடங்கிச் சில மாதங்களில் தெற்குக் கரையில் ஐந்து பேர் சுறா தாக்கி இறந்தபிறகு, 1964-ல் இதற்கென்றே ஒரு வாரியம் அமைந்தது. சாளை ஓட்டம் வரும்போது வலைகளைத் தூக்கிவிடுவார்கள். அப்போது குளிப்பதற்குத் தடை. இந்த வலைகளில் ஆமைகளும் டால்பின்களும் திருக்கைகளும் சிக்கிச் சாகின்றன என்பதையும் சொல்லவேண்டும். அதைக் குறைக்கத்தான் சில இடங்களில் வலைக்குப் பதில் தூண்டில் மிதவைகளுக்கு மாறினார்கள்.

சுறாவைவிட இப்போது கவனிக்கவேண்டியது கழிவுநீர். காரணத்தைக் கீழே வெள்ளத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

வடக்கே உள்ள இசிமங்கலிசோ ஏன் அவ்வளவு முக்கியம்?

தென்னாப்பிரிக்காவில் முதன்முதலாக 1999-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இடங்களில் ஒன்று இந்த ஈரநிலப் பூங்கா. செயின்ட் லூசியா ஏரி, சதுப்பு, காடேறிய மணல்மேடு, பவளத்திட்டு எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஏரியை ஒட்டிய சின்ன ஊரில் ராத்திரி நீர்யானை தெருவில் இறங்கிப் புல் மேய்வது சாதாரணம். வீட்டுக்காரர்கள் இருட்டியபின் நடந்துபோகாமல் காரில் போவார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை தோணி ஆமைகளும் பெருந்தலை ஆமைகளும் முட்டையிடக் கரையேறும். 1963 முதல் அவற்றைக் கணக்கெடுத்து வருகிறார்கள். 2000-ல் சொட்வானா வளைகுடாவில், சுமார் 100 மீட்டர் ஆழத்துப் பள்ளத்தாக்கில், முக்குளிப்பவர்கள் சீலகாந்த் மீன்களை உயிரோடு பார்த்தார்கள். டைனோசர் காலத்தோடு அழிந்தது என்று 1938 வரை உலகம் நம்பிய மீன் அது.

இதெல்லாம் தானாகப் பிழைத்துவிடவில்லை. ஏரியின் கிழக்குக் கரை மணல்மேடுகளில் டைட்டேனியம் கனிமம் நிறைய இருக்கிறது. நம் மணவாளக்குறிச்சி மணலை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். தெற்கே ரிச்சர்ட்ஸ் பேயில் 1970-களிலிருந்து அந்த மணலைத் தோண்டுகிறார்கள். செயின்ட் லூசியாவிலும் தோண்டத் திட்டம் வந்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, பெரிய ஆய்வு நடந்து, 1996-ல் புதிய ஜனநாயக அரசு வேண்டாம் என்று முடிவெடுத்தது. இளைத்துக்கிடந்த பொருளாதாரத்தோடு பதவிக்கு வந்த அரசு, கையில் வந்த சுரங்க வருமானத்தை விட்டுக்கொடுத்தது. அந்த முடிவுக்கு இன்றும் தலைவணங்கலாம்.

சரி, அதோடு சிக்கல் தீர்ந்ததா என்றால் இல்லை. ஏரிக்கு நன்னீர் தரும் உம்ஃபொலோசி ஆற்றை, வண்டல் ஏரியை மூடிவிடும் என்று பயந்து 1950-களில் தனியாகப் பிரித்துவிட்டார்கள். கரும்பு வயல்களைக் காப்பதும் அதில் கலந்திருந்தது. 2000-களில் வந்த நீண்ட வறட்சியில் ஏரி சுருங்கியது. 2012-லிருந்து ஆற்றைத் திரும்பச் சேர்க்கும் வேலை நடந்தது. 2021 ஜனவரியில் முகத்துவார மணல்திட்டை இயந்திரத்தால் வெட்டித் திறந்தபோது, அது சரியா தவறா என்று விஞ்ஞானிகளுக்குள்ளும் மீனவர்களுக்குள்ளும் பெரிய விவாதம் மூண்டது.

உள்ளூர் மக்களின் மீன்பிடிப்பு எப்படி?

கோசி வளைகுடாவின் மீன்பட்டிகளைப் பார்த்தால் போதும். ஒன்றோடொன்று இணைந்த ஏரிகள் கடலில் கலக்கும் இடத்தில், ஆழமில்லாத தண்ணீரில், தோங்கா மக்கள் குச்சிகளை நெருக்கமாக நட்டு வளைந்த வேலி கட்டுகிறார்கள். வேலியை ஒட்டி நீந்தும் மீன், அதன் வளைவோடு போய்க் கடைசியில் ஒரு சின்ன அடைப்புக்குள் நுழைந்துவிடும். திரும்பி வர வழி தெரியாது. சொந்தக்காரர் காலையில் நடந்துபோய்க் குத்தி எடுப்பார். குச்சிகளின் இடைவெளியில் குஞ்சுகள் தப்பிவிடும். ஒவ்வொரு பட்டியும் ஒரு குடும்பத்துக்கு, தகப்பனுக்குப்பின் மகனுக்கு. பல நூற்றாண்டாக இப்படித்தான் நடக்கிறது.

காண்டாமிருகங்கள் இன்னும் இருக்கின்றனவா?

இருக்கின்றன, ஆபத்தோடு. ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி 1895-ல் அறிவிக்கப்பட்ட காப்பகம். தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் ஒரு கட்டத்தில் இங்கே மட்டும், மிகச் சொற்பமாக மிஞ்சியது. 1960-களில் இங்கிருந்துதான் மற்ற இடங்களுக்குக் கொண்டுபோய்ப் பெருக்கினார்கள். இன்று உலகில் உலவும் இந்த இனம் முழுக்க அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள். 2023-ல் நாடு முழுவதும் கொம்புக்காகக் கொல்லப்பட்ட 499 காண்டாமிருகங்களில் 325 இந்த மாகாணத்தில் விழுந்தவை. காப்பாற்றிக் கொடுத்த மண்ணிலேயே இது நடப்பது நெஞ்சைப் பிசைகிறது.

கரும்பு எப்படி வந்தது? அதற்கு நம் ஆட்கள் ஏன் போனார்கள்?

1843-ல் பிரிட்டன் நேட்டாலைத் தன் காலனியாக்கியது. 1851-ல் எட்மண்ட் மோர்வுட் என்பவர் கரும்பிலிருந்து சர்க்கரை காய்ச்சிக் காட்டினார். மழையும் வெயிலும் தோதாக இருந்தன. வெட்ட ஆள் இல்லை. ஜூலு மக்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன, வெள்ளைக்காரத் தோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் கூலிக்கு நிற்க அவர்களுக்கு அவசியம் இல்லை. அதனால் முதலாளிகளின் பார்வை சென்னை பக்கம் திரும்பியது.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனைத் தொட்டது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக, தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு பக்கத்து ஊர்கள் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. முதல் ஆண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. எழுத்தில் அப்படி. நடைமுறையில் சர்தாரின் (மேஸ்திரியின்) கம்பும், ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளப் பிடித்தமும் இருந்தன.

1894-ல் காந்தியின் அலுவலகத்துக்கு வந்து நின்ற பாலசுந்தரம் அப்படி ஒருவர்தான். முதலாளி அடித்த அடியில் பல் உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரர் முன் தலைப்பாகையைக் கழற்றவேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். காந்தி அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தோட்டங்களில் அந்தச் செய்தி பரவியபிறகுதான் ஒப்பந்தக் கூலிகள் அவரைத் தம் ஆளாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

3 பவுன் வரி என்பது என்ன?

ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்பவேண்டும், இல்லை மறுபடி ஒப்பந்தம் போடவேண்டும். இரண்டும் இல்லாமல் சுதந்திரமாகத் தங்கினால் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுன் கட்டவேண்டும் என்று 1895-ல் சட்டம் வந்தது. மாதம் பத்துப் பன்னிரண்டு ஷில்லிங் பார்ப்பவருக்கு (20 ஷில்லிங் ஒரு பவுன்) இது எவ்வளவு பெரிய பாரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1913-ல் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் போய்ப் பேசி வேலைநிறுத்தத்தை மூட்டினார்கள். நவம்பரில் 2,000-க்கும் மேற்பட்டோர் காந்தியோடு டிரான்ஸ்வால் எல்லை நோக்கி நடந்தார்கள். கரையோரக் கரும்புத் தோட்டங்களிலும் வேலை நின்றது. சிறை சென்று காய்ச்சலோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ல் இறந்தபோது அவருக்கு வயது 16. அந்த ஆண்டே வரி ரத்தானது. பாடப்புத்தகத்தில் வள்ளியம்மை பெயர் ஒரு வரியில் வந்து போகிறது. அந்தப் போராட்டத்தின் முதுகெலும்பே பெயர் தெரியாத கூலிக்காரப் பெண்களும் ஆண்களும்தான்.

ஜூலு மக்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

மாகாணத்தில் ஐந்தில் நான்கு பேருக்கு வீட்டுமொழி ஜூலு. 1816 முதல் 1828 வரை ஆண்ட ஷாக்கா சிறுசிறு குலங்களை ஒரே அரசாக இணைத்தார். 1879 ஜனவரி 22 அன்று இசாண்ட்ல்வானாவில் ஜூலு படை, துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்த பிரிட்டிஷ் படையை நசுக்கியது. அதே ஆண்டு ஜூலையில் உலுண்டியில் அந்த அரசு வீழ்ந்தது. அரச பரம்பரை இன்றும் இருக்கிறது. மாகாண நிலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் மன்னரை அறங்காவலராகக் கொண்ட இங்கோன்யாமா அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. செப்டம்பரில் நொங்கோமா அரண்மனையில் நடக்கும் நாணல் நடன விழாவுக்கு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் நாணல் தட்டைகளை ஏந்தி வருவார்கள்.

டர்பனுக்குப் பக்கத்து இனாண்டாவில் காந்தி 1904-ல் பீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் ஜான் துபே நடத்திய ஒஹ்லாங்கே பள்ளி. துபே 1912-ல் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். 1994 ஏப்ரல் 27 அன்று மண்டேலா தன் வாழ்நாளின் முதல் ஓட்டைப் போட்டது அந்தப் பள்ளியில். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பீனிக்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒஹ்லாங்கேயையும் பார்த்துவிட்டு வாருங்கள், இரண்டும் சேர்ந்தால்தான் அந்த மண் புரியும்.

ஜூலு, இந்தியர் என்ற இரு சமூகங்களுக்கும் உறவு எப்படி?

பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் பிரித்து வைக்கப்பட்ட உறவு. 1949-ல் இரு தரப்புக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். 1950-ல் வந்த குழுப்பகுதிச் சட்டம் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்தது. கேட்டோ மேனர் போன்ற கலந்து வாழ்ந்த இடங்கள் காலியாக்கப்பட்டன. இந்தியர்களைச் சாட்ஸ்வர்த்துக்கும், பிற்பாடு பீனிக்ஸ் என்ற புதுக் குடியிருப்புக்கும் அனுப்பினார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் அந்த பீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். இதை மூடி மறைத்துவிட்டு நம்மவர் பெருமையை மட்டும் பேசுவது நியாயமாகாது. அதேசமயம் இனவெறி ஆட்சிக்கு எதிராக இரு தரப்பும் ஒரே சிறையில் கிடந்ததும் உண்மை. வார்விக் சந்தைக்குப் போனால் ஜூலு மூலிகைக்காரரும் இந்தியக் காய்கறிக்காரரும் காலை நான்கு மணிக்கே கடை விரித்திருப்பார்கள். 2009-ல் அந்த இடத்தில் வணிக வளாகம் கட்ட வந்தபோது இருவரும் சேர்ந்து நின்று தடுத்தார்கள்.

அங்குள்ள தமிழர் இன்னும் தமிழ் பேசுகிறார்களா?

பெரும்பாலானோர் வீட்டில் ஆங்கிலம்தான். கோவெண்டர், பிள்ளே, மூட்லி, படையாச்சி என்று குடும்பப் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. தேவாரமும் திருப்புகழும் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாறு தலைமுறை கடந்தும், பொருள் முழுதாகப் புரியாமலும், ஒலியை விடாமல் பிடித்துவைத்திருப்பதைக் குறையாகப் பார்க்க எனக்கு மனம் வராது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, பேணி மதிக்கவேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

கோயில்களும் திருவிழாக்களும்?

தைப்பூசத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் காவடி. ஆடியில் அம்மனுக்குக் கூழ். அப்புறம் நம் ஊரில் இல்லாத ஒன்று: இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய கூட்டம் கூடுவது புனித வெள்ளியன்று. தோட்டத்தில் நீண்ட விடுமுறை கிடைத்தது ஈஸ்டருக்குத்தான் என்பதால் அம்மன் திருவிழாவும் அந்த நாளுக்கு நகர்ந்துவிட்டது என்கிறார்கள். கேட்டோ மேனர் பகுதியில் உள்ள அம்பலவாணர் ஆலயம் முதலில் 1875-ல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டப்பட்டது. 1905 வெள்ளம் அதை அடித்துக்கொண்டுபோக, பிறகு 1947-ல் இப்போதைய இடத்தில் எழுப்பினார்கள். அங்கே தீமிதி விசேஷம்.

பன்னி சவ் என்பது என்ன சாப்பாடு?

வெட்டாத வெள்ளை ரொட்டியைக் கால், அரை என்று அறுத்து, நடுவைக் குடைந்து, ஆட்டுக்கறிக் குழம்போ பீன்ஸ் குழம்போ ஊற்றி, குடைந்த துண்டை மேலே வைத்துத் தருவார்கள். தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். உள்ளே உட்கார்ந்து சாப்பிட அனுமதி மறுக்கப்பட்டவர்கள் கையில் எடுத்துப்போகச் செய்தது என்று பலர் சொல்கிறார்கள். தொடங்கியது யார் என்பதில் ஆளுக்கொரு கதை. டர்பன் குழம்பு எண்ணெய் மிதக்கச் சிவந்து, காரம் தூக்கலாக இருக்கும். சேப்பங்கிழங்கு ஜூலு வீட்டிலும் தமிழ் வீட்டிலும் வேகிறது.

இன்றைய பொருளாதாரம் எதில் நிற்கிறது?

துறைமுகத்தில். நாட்டின் பெட்டக (கன்டெய்னர்) சரக்கில் சுமார் 60 சதவீதம் டர்பன் வழியாகப் போகிறது. இயந்திரங்கள் பழசாகி, பராமரிப்பு தவறி, 2023 கடைசியில் கப்பல்கள் வெளியே வரிசைகட்டி நின்றன. ரிச்சர்ட்ஸ் பே நிலக்கரி முனையம் ஆண்டுக்கு 9.1 கோடி டன் ஏற்றக்கூடியது. ரயில் சரியாக ஓடாததால் 2023-ல் ஏற்றியது அதில் பாதி அளவுதான். பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலை இருக்கிறது. கரும்பு தளர்ந்துகொண்டிருக்கிறது: 2018-ல் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது, மலிவு இறக்குமதி நெருக்குகிறது, டோங்காட் ஹியூலட் என்ற பெரிய நிறுவனம் 2022-ல் திவாலைத் தவிர்க்கும் மீட்பு நடவடிக்கைக்குள் போனது. ஆலை நின்றால் முதலில் அடிபடுவது சின்னக் கரும்பு விவசாயிகள்.

2022 வெள்ளம் ஏன் அவ்வளவு கொடூரமாக இருந்தது?

ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. 430-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புவி வெப்பமாதல் இப்படிப்பட்ட மழையின் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டது என்று பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. ஆனால் பழியை வானத்தின் மேலேயே போட்டுவிட முடியாது. 1984-ல் டொமொய்னா புயல், 1987 செப்டம்பரில் பெருவெள்ளம் என்று இந்தக் கரை ஏற்கெனவே எச்சரித்திருந்தது. நல்ல மேட்டுநிலம் ஒரு இனத்துக்கு என்று ஒதுக்கிய நகரத்தில், வேலை தேடி வந்த ஏழைகளுக்கு மிஞ்சியது ஆற்றோரமும் செங்குத்தான சரிவும். தகரமும் மண்ணும் வைத்துக் கட்டிய குடிசைகள் சரிவோடு சரிந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே இருந்தவர்கள்.

கழிவுநீர் நிலையங்களும் குழாய்களும் உடைந்தன. மாதக்கணக்கில் சாக்கடை ஆற்றிலும் கடலிலும் கலந்து, கடற்கரைகள் மூடப்பட்டன. இன்றும் மழைக்குப்பிறகு குளிக்கப் போவதற்கு முன் நீரின் தரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

தெற்கு டர்பனில் காற்று மாசு பற்றிக் கேள்விப்படுகிறோமே?

மெரிபேங்க், வெண்ட்வொர்த் குடியிருப்புகளை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் காகித ஆலைக்கும் நடுவில் வைத்தது இனவெறி ஆட்சியின் திட்டம். மெரிபேங்கில் ஒரு தொடக்கப்பள்ளியில் நடந்த ஆய்வு பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் ஆஸ்துமா இருப்பதைக் காட்டியது. 1990-களிலிருந்து மக்கள் அமைப்பாகத் திரண்டு போராடுகிறார்கள். ஒரு ஆலை 2020 டிசம்பர் வெடிவிபத்துக்குப்பின் சுத்திகரிப்பை நிறுத்தியது, இன்னொன்று 2022-ல் மூடியது.

எப்போது போகலாம்?

மே முதல் ஆகஸ்ட் வரை. மழை குறைவு, புழுக்கம் இல்லை, சாளை ஓட்டம் கிடைக்கலாம், காப்பகங்களில் புல் காய்ந்து விலங்குகள் கண்ணில் படும். ஆமைகளுக்காக என்றால் டிசம்பர். வட எல்லைப் பக்கம் போனால் மலேரியா மருந்து பற்றி மருத்துவரைக் கேளுங்கள். நகரத்தில் இருட்டியபின் தனியாக நடக்காதீர்கள், போனைக் கையில் பிடித்துக்கொண்டு திரியாதீர்கள்.

எங்கள் குடும்பத்திலிருந்து யாராவது போனார்களா என்று தேட முடியுமா?

முடியும். ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. குவாஜூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இதற்கு நல்ல தொடக்கம். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு, எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். வலது கணுக்காலில் தழும்பு, இடது மார்பில் மச்சம் என்ற அளவுக்கு.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. துறைமுக எழுத்தர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள். முனுசாமி நாலைந்து விதமாக வரும், சின்னக் கிராமங்களின் பெயர் அடையாளமே தெரியாமல் மாறியிருக்கும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆயிரம் முனுசாமிகள் வந்து நிற்பார்கள். தகப்பன் பெயர், தாலுகா, போன ஆண்டு மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தோராயமாகவாவது குறித்துக்கொண்டு தொடங்குங்கள். பழைய பத்திரமோ, அங்கிருந்து வந்த கடிதமோ இருந்தால் அதில் உள்ள தோட்டத்தின் பெயரையும் எண்ணையும் தனியாக எழுதி வையுங்கள். காலனி எண் கிடைத்துவிட்டால், மற்றதையெல்லாம் அதை வைத்தே எடுத்துவிடலாம்.